சைபரில் வெட்டிய கோடு

அன்புள்ள ஜெபா,

அன்புள்ள என்று எழுதிவிட்டேன். நீ ஹாஸ்டலில் இருந்த காலத்தில் வாராவாரம் உனக்கு எழுதிய பழக்கம், கை அப்படித்தான் தொடங்குகிறது. இதற்கு மேல் இந்தக் கடிதத்தில் உனக்கு இனிப்பாக எதுவும் கிடைக்காது. ஊரே படிக்கும்படிதான் இதை எழுதுகிறேன். நீ பேசியதெல்லாம் ஊர் கேட்கத்தானே பேசினாய்? உன் அக்கா பேசுவதையும் ஊர் கேட்கட்டும்.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் உன் மேல் போட்ட மண் மழையில் உள்வாங்கிப்போய், ஆள் வைத்துத் திரும்ப நிரப்பினோம். உன் மனைவி ரூபி மருந்துக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். நான் இன்னும் அதே பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் நடத்திக்கொண்டிருக்கிறேன். ரூபியும் நானும் பேசிக்கொள்வதில்லை. காரணம் நீதான். செத்த பிறகும் இரண்டு பெண்களை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவிடாமல் செய்யும் சாமர்த்தியம் உனக்குத்தான் வரும்.

ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் உனக்கு பேனர் வைத்தார்கள். ‘வானத்தைப் படித்த மலையின் மைந்தன்’ என்று மஞ்சள் எழுத்து. உன் படத்தைவிடப் பெரிதாக, கைகூப்பியபடி செந்தில்நாதன் படம். காட்டேஜ் கட்டி விற்கிறவன் உனக்கு எதற்காக அழுகிறான் என்று பஸ்ஸுக்கு நின்ற ஒருவரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். உனக்கும் தெரிந்திருக்கும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ தொடக்கத்தில் செய்தது நல்ல காரியம். ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்துகொண்டு, மலைப்பாதையில் மரம் விழுந்திருக்கிறதா, நாளைக்குப் பனிமூட்டம் இருக்குமா, காப்பி உலர்த்தலாமா வேண்டாமா என்று போனில் வீடியோ போட்டாய். எஸ்டேட் ஜனங்கள் உன்னைக் கேட்டுவிட்டுத்தான் துணி துவைத்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகள், “மிஸ், உங்க தம்பி இன்னிக்கு மழைன்னாருங்க” என்று குடையோடு வருவார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அது போதாதா ஜெபா? மழையைச் சரியாகச் சொல்கிறவனாகவே நீ இருந்திருக்கக் கூடாதா?

பிறகுதான் உனக்கு இன்டர்நெட்டில் அந்தத் தரவுக் காப்பகம் கிடைத்தது. உனக்குத் தெரிந்ததுதான். வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பூமியைச் சுற்றும் ஒரு செயற்கைக்கோள், பூமியின் விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தபடியே போகிறது. மேகங்களுக்கெல்லாம் மேலே, ஸ்ட்ரேட்டோஸ்பியரில், என்னென்ன வாயு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிறது. ஓசோன், நீராவி, நைட்ரிக் அமில ஆவி, குளோரின் சேர்ந்த வாயுக்கள். வருஷக்கணக்காக அளந்ததையெல்லாம் நாளுக்கு ஒரு ஃபைல் என்று சேர்த்து வைத்திருக்கிறார்கள். கேட்கிறவர் யாராக இருந்தாலும் கொடுக்கிறார்கள். பேர் கொடுத்து ஒரு கணக்குத் தொடங்கினால் போதும்.

கணக்குத் தொடங்கிய அன்று நீ எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாய். லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசை மேல் வைத்து, “அக்கா, யாரு எவருன்னு ஒண்ணுமே கேக்கலை. எனக்கும் குடுக்கறாங்க, பாரேன்!” என்றாய். எம்.எஸ்சி.யைப் பாதியில் விட்ட நாளிலிருந்து உன் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. நானும் சந்தோஷப்பட்டேன். குழம்பு அடிப்பிடித்ததுகூடத் தெரியாமல் உன்னோடு உட்கார்ந்திருந்தேன்.

சில வாரம் கழித்து, நம் மலைக்கு மேலே இருக்கும் ஓசோன் என்று ஒரு கோடு போட்டுக் காட்டினாய். அன்றைக்கு உன் வீட்டில் யார் யாரோ வந்திருந்தார்கள். கோடு மேலே மட்டமாகப் போய்க்கொண்டிருந்தது. திடீர் திடீரென்று ஆணி அடித்ததுபோலக் கீழே இறங்கியது. சைபரைத் தாண்டி, மைனஸுக்குள், அதலபாதாளத்துக்கு.

“என்றா இது, சைபருக்கும் கீழ போவுது?” என்று கேட்டேன். “ஒரு வாயு இல்லாமப் போகலாம். இல்லாததுக்கும் கம்மியா எப்படிடா போகும்?”

நீ வந்திருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தாய். “எங்க அக்கா எங்க போனாலும் பிளஸ் டூ பாடம்தானுங்க.” அவர்களும் சிரித்தார்கள். ரூபி எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வாரமே வீடியோ வந்தது. ‘சேர்வராயன் மலைக்கு மேலே ஓட்டை!’ அதே கோடு. ஆனால் படம் சைபரோடு முடிந்திருந்தது. அதற்குக் கீழே இருந்ததையெல்லாம் வெட்டிவிட்டாய். இப்போது பார்க்கிறவர்களுக்கு, ஓசோன் சில நாட்களில் சைபருக்கு விழுந்து திரும்ப ஏறுவதுபோலத் தெரிந்தது. கீழே கறுத்து வாடிப்போன ஒரு மிளகுக்கொடியைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னாய்: “மேல கூரை பிஞ்சு போச்சுங்க. வெயிலு நேரா எறங்குது. இனி இங்க மெளகும் இல்லை, காப்பியும் இல்லை.”

என்னை அதிகமாக எரிய வைப்பது எது தெரியுமா? நான் கேட்ட கேள்வி உனக்குப் புரிந்திருக்கிறது. புரிந்ததால்தான் எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. அக்காவின் சந்தேகத்தை எடுத்துக் கத்தரிக்கோல் ஆக்கிக்கொண்டாய்.

அன்றைக்கே போன் செய்து திட்டினேன். “உனக்குப் பொறாமைக்கா” என்றாய். அதோடு பேச்சு நின்றது. ஒரே தெருவில் இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நீ ஒரு பக்கம் நான் ஒரு பக்கம்.

வாழவந்தி மாணிக்கம் அண்ணனை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இல்லாமலா? நம் அப்பா எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தபோது அவருடைய அப்பா அங்கே கூலி. அவருடைய தாத்தா கீழ்நாட்டிலிருந்து காப்பிக் காட்டு வேலைக்கு வந்தவர். வாங்கிய கூலியில் மிச்சம் பிடித்து, வாழவந்திக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கினார்கள். சில்வர் ஓக் மரங்களில் மிளகு ஏற்றி, நடுவில் காப்பி வைத்திருந்தார். இரண்டு மழைக்குக் கொடி பட்டுப்போனதும் மனிதர் கலங்கிப்போயிருந்தார். செந்தில்நாதன் போய் அவர் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, உன் வீடியோவைப் போட்டுக் காட்டினான். ரைட்டர் மகன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மாணிக்கம் அண்ணன் நிலத்தை அவனுக்கு விற்றுக் கையெழுத்துப் போட்டார். இப்போது அதே நிலத்தில் ஜேசிபி நிற்கிறது. மரத்தையெல்லாம் எடுத்துவிட்டார்கள். அவர் வெள்ளக்கடைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் தினக்கூலி.

செந்தில்நாதன் உனக்கு ஏதாவது கொடுத்தானா? ரூபியிடம் நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். கொடுத்திருக்க மாட்டான் என்றுதான் நினைக்கிறேன். உனக்குப் பணப்பசி கிடையாது. நாலு பேர் வாய் பிளந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காக ஒரு மனிதனின் நிலம் போனது. பணத்துக்காகச் செய்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கசக்காது.

நெஞ்சுவலி என்று உன்னைக் கீழே சேலத்துக்குக் கொண்டுபோகும் வழியிலேயே, வளைவில் வைத்து நீ முடிந்துபோனாய். ஒரு வார்த்தை கேட்க விடாமல் போனாய்.

மழை விட்ட பிறகு ஒருநாள் செந்தில்நாதன் ரூபியையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். பழம், ஆர்லிக்ஸ் பாட்டில், ரொம்ப மரியாதை.

“ஏனுங்க டீச்சர், தம்பிக்கு நினைவுக் கூட்டம் வெக்கறோமுங்க. அவரு பேசினதையெல்லாம் சின்ன பொஸ்தகமாப் போடறோம். அட்டையில அந்தக் கோட்டுப் படம். பாத்தவொடனே புரியுமில்லீங்க? கூடப் பொறந்தவங்க நீங்க ரெண்டு வார்த்தை பேசினா நொம்ப நல்லா இருக்குமுங்க.”

“பொஸ்தகத்தை யாருக்குக் குடுக்கப் போறீங்க?” என்று கேட்டேன்.

“எல்லாத்துக்கும் சும்மாதானுங்க. மொதல்ல வெள்ளக்கடைப் பக்கம் ஊடு ஊடாக் குடுத்துரலாம். அந்த ஜனங்களுக்கும் வெவரம் தெரியோணுமில்லீங்க.”

வெள்ளக்கடையில் அவன் நிலம் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு முன்பே தெரியும். பேசுகிறேன் என்று சொன்னேன். ரூபியின் கண்ணில் நன்றி தெரிந்தது. 

அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்தேன். நீ தொடங்கியதுபோல நானும் ஒரு கணக்குத் தொடங்கினேன். பாஸ்வேர்டில் பெரிய எழுத்து வேண்டும், எண் வேண்டும், ஆச்சரியக்குறி மாதிரி ஏதாவது ஒன்று வேண்டும் என்று மூன்று தடவை திருப்பி அனுப்பியது. எதற்காக வேண்டும் என்று ஒரு கட்டம். ‘என் தம்பி சொன்னது உண்மையா என்று பார்க்க’ என்று அடித்தேன். அழித்துவிட்டு ‘கல்வி’ என்று போட்டேன்.

உனக்கு எளிதாக இருந்தது எனக்கு அப்படி இல்லை. ஃபைல் இறங்கிக்கொண்டிருக்கும்போதே நெட் போகும், திரும்ப முதலிலிருந்து. இறங்கியதைத் திறந்தால் ஒவ்வொன்றிலும் உலகம் முழுவதற்குமான அளவு இருந்தது. செயற்கைக்கோள் பட்டை பட்டையாகத்தான் போகிறது, நம் மலைக்கு நேர் மேலே தினமும் வருவதில்லை. பக்கத்தில் போன பட்டையை ஒவ்வொரு நாளுக்கும் தேடிப் பிடிக்க வேண்டும். அதற்கு ஒரு விளக்கப் புத்தகம் கூடவே வைத்திருக்கிறார்கள். அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். பல சனிக்கிழமைகள் போயின.

அந்த விளக்கத்தில் ஒளிவு மறைவே இல்லை ஜெபா. ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் இன்னோர் எண் இருக்கிறது. இந்த அளவை நம்பலாமா, கூடாதா என்று அது சொல்கிறது. கருவி நின்றுபோன நாட்களில் அளவே கிடையாது. அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக மைனஸ் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று நிரப்பி வைத்திருக்கிறார்கள். ‘இங்கே எதுவும் அளக்கப்படவில்லை’ என்று அர்த்தம். ஓசோன் எதுவும் இல்லை என்று அர்த்தம் இல்லை. உன் கோடு கீழே பாய்ந்த நாட்களெல்லாம் இவைதான். முதல் சில பக்கங்களிலேயே இருக்கிறது. பரீட்சைக்கு வராத பெண்ணுக்கு நான் ‘ஆப்சென்ட்’ என்று போட்டால், அதைச் சைபர் மார்க் என்று ஊரெல்லாம் சொல்வாயா நீ?

அந்த நாட்களை எடுத்துவிட்டுக் கோடு போட்டேன். போடும்போது, உன்மேல் ஆணையாக, நீ எங்கேயாவது ஓர் ஓரத்திலாவது சரியாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒரு சின்னப் பள்ளம் இருந்தால்கூடப் போதும், கூட்டத்தில் போய்ப் பூ போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். இல்லை. பருவத்துக்குப் பருவம் கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி, ஒரு கோடு. வருஷா வருஷம் அப்படியே சாதுவாக.

நீ செத்த நாளின் ஃபைலையும் இறக்கினேன். எதற்கென்று தெரியவில்லை. அன்றைக்கு ஒரு பட்டை நமக்குப் பக்கமாகத்தான் போயிருக்கிறது. நல்ல அளவு, நம்பலாம் என்ற எண்ணோடு. வழக்கம்போல எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. எனக்கு அழுகை வரவில்லை. கம்ப்யூட்டரை அணைக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

கூட்டத்துக்கு முன்னால் ரூபியைப் போய்ப் பார்த்தேன். இரண்டு கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

“அவருக்குத் தெரியாமப் பண்ணியிருப்பாருங்க அண்ணி.”

“தெரிஞ்சுதான் பண்ணான், ரூபி. மைனஸை வெட்டியிருக்கான்.”

“செத்தவருங்க. திரும்பி வந்து பதில் சொல்லப் போறாரா? எனக்குன்னு அவரு பேரு ஒண்ணுதான் மிச்சம். அதையும் நீங்களே எடுக்கணுமா?”

 ஆனாலும் கூட்டத்துக்குப் போனேன்.

கல்யாண மண்டபம் நிறைய ஜனம். மேடையில் உன் படம், ரோஜா மாலை. ஒவ்வொருவராக வந்து உன்னை விஞ்ஞானி என்றார்கள். எனக்கு மைக் கொடுத்ததும் நான் நேரடியாகச் சொன்னேன். “இவன் என் தம்பி. இவன் காட்டின படம் பொய்யானது. நம்ம மலைக்கு மேல ஓட்டை இல்லை. அளக்காத நாளையெல்லாம் அழிஞ்ச நாள்னு காட்டிட்டான். நான் அதே அளவுகளை எடுத்துப் பார்த்துட்டேன். நீங்களும் யார் வேணும்னாலும் பார்க்கலாம்.”

செந்தில்நாதன் எழுந்து வந்தான். “டீச்சர், எழவுக்கு வந்த எடத்துல கணக்குப் பேசறீங்களேங்க. துக்கத்துல என்னமோ பேசறாங்க, மைக்கை ஆப் பண்ணப்பா.”

மைக் நின்றது. வருஷக்கணக்காக மைக் இல்லாமல் பாடம் நடத்தியவளிடம் மைக்கைப் பிடுங்கி என்ன பயன்? கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி, முதலிலிருந்து திரும்பச் சொன்னேன். பாதியில் ரூபி எழுந்து வெளியே போனாள். அவள் முந்தானை நாற்காலியில் மாட்டி, அதை இழுத்து விடுவித்துக்கொண்டு போனதைப் பார்த்தபடியே பேசினேன்.

பின்னால் இருந்து மாணிக்கம் அண்ணன் எழுந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார் போல, சட்டையெல்லாம் மண்.

“ஏனுங்க டீச்சர், அப்ப எங்க மெளகுக்கு என்னதானுங்க ஆச்சு?”

“வாடல் நோய்ங்கண்ணா. மழைத் தண்ணி தேங்கி வேர் அழுகியிருக்கு. தோட்டக்கலை ஆபீசுல கேட்டேன். மருந்து இருக்கு. வடிகால் எடுத்து, புதுசாக் கொடி வெச்சிருக்கலாம்.”

அவர் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தார். 

“அப்ப நான் வித்திருக்க வேண்டாமுங்களா?”

ஜெபா, இந்தக் கேள்விக்கு நீ பதில் சொல்லியிருக்க வேண்டும். உன் வாயால். அதற்காகவாவது நீ உயிரோடு இருந்திருக்க வேண்டும். மாலை போட்ட படத்துக்குள் பல்லைக் காட்டிக்கொண்டு நீ இருந்தாய். நான் சொன்னேன்.

“வேண்டாமுங்கண்ணா.”

அவர் உன் படத்தைப் பார்த்தார். “இருந்திருந்தா நாலு வார்த்தை கேட்டிருப்பேனுங்க. ரைட்டர் பையன்னு நம்பிப்போட்டேன்.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

புத்தகக் கட்டுகள் பிரிக்காமலேயே செந்தில்நாதனின் ஜீப்பில் ஏறின. வெள்ளக்கடையில் நாலைந்து வீட்டார் இப்போதைக்கு விற்கவில்லை என்று சொல்லிவிட்டதாகக் கேள்வி. ஒருவர் விற்றுவிட்டார், நான் சொன்னதைக் கேட்ட பிறகும். மாணிக்கம் அண்ணன் நிலம் திரும்ப வராது. வக்கீலைக் கேட்டாயிற்று. ‘அவரா விரும்பித்தானே கையெழுத்துப் போட்டிருக்காரு’ என்றார்.

கொஞ்ச நாள் கழித்து ரூபி பள்ளிக்கூட கேட்டில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. போனை நீட்டி, “எந்த வீடியோன்னு காட்டுங்க. எடுத்துடறேன்” என்றாள். காட்டினேன். என் எதிரிலேயே அழித்தாள். “உங்களுக்காக இல்லை” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். ஆனால் அது ஒழிந்துவிட்டது என்று நினைக்காதே. யார் யாரோ சேமித்து வைத்து அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். உன் முகத்தைச் சுற்றி இப்போது கறுப்புப் பட்டை வேறு போட்டிருக்கிறார்கள். இறந்துபோனவர் சொன்னது என்றதும் அதற்கு மதிப்பு கூடிவிட்டது. போன வாரம் என் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: “மிஸ், நம்ம மலைக்கு மேல ஓட்டை இருக்குதுங்களாமே?”

அவளைக் கம்ப்யூட்டர் அறைக்குக் கூட்டிப்போய் என் கோட்டைக் காட்டினேன். அவள் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கி, “அப்ப உங்க தம்பி யாருங்க மிஸ்?” என்று கேட்டாள். எப்படிப்பட்டவர் என்று கேட்க நினைத்திருப்பாள், வார்த்தை அப்படி வந்துவிட்டது. என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

இப்போது சொல்ல முடியும். உனக்கு நான் தரும் வாக்கு இதுதான். இந்த மலையில் யார் வந்து நீ யார் என்று கேட்டாலும், முதலில் நீ பொய் சொன்னாய் என்று சொல்வேன். அதற்கப்புறம்தான் நீ என் தம்பி என்று சொல்வேன். இரண்டில் ஒன்றையும் விடமாட்டேன். வரிசையையும் மாற்றமாட்டேன்.

உன்னோடு கூடப் பிறந்த அக்கா,
ஸ்டெல்லா